ஆறாயிரம் மீட்டருக்கு மூட்டை கட்டுவது எப்படி: முதல் சிகரம் போகிறவர்களுக்கு உடையும் படுக்கையும்

கொடைக்கானலில் டிசம்பர் மாதம் மங்கி குல்லா போட்டுக்கொண்டு டீ குடித்ததுதான் அதுவரை நான் பார்த்த பெரிய குளிர். அந்த அனுபவத்தை நம்பி லடாக்கில் உள்ள காங் யாட்சே 2 சிகரத்துக்கு (6,250 மீட்டர்) மூட்டை கட்டினேன். கொண்டுபோனதில் பாதி பயன்படவில்லை, தேவைப்பட்டதில் பாதி மூட்டையிலேயே இல்லை. அடிவார முகாமில் ஒரு ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லாமல் விடியலை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அடுத்த முறை வேறு மாதிரி தயாரானேன், நன்றாகத் தூங்கினேன். இடையில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஸ்டோக் காங்ரி சிகரம் 2020-இல் மலையேறுகிறவர்களுக்கு மூடப்பட்ட பிறகு, லடாக்கில் முதல் ஆறாயிரம் மீட்டர் சிகரம் தேடுகிறவர்களில் நிறையப் பேர் காங் யாட்சே 2-க்குத்தான் போகிறார்கள். வேறு சிகரம் போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

1. கடைக்குப் போகுமுன் ஏற்பாட்டாளருக்கு ஒரு போன்

பயணம் ஜூலை, ஆகஸ்ட் என்றால் மே மாதமே இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப் போதும்.

ஸ்லீப்பிங் பேக் நீங்கள் தருகிறீர்களா, நான் கொண்டுவர வேண்டுமா? தருகிறீர்கள் என்றால் எத்தனை டிகிரிக்கு? கூடாரத்தில் மேட் உண்டா? பனி பூட்ஸ், க்ராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்தட்டு), ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் வார்) கட்டணத்தில் சேர்ந்ததா? கோவேறு கழுதையில் ஆளுக்கு எத்தனை கிலோ ஏற்றலாம்?

“எல்லாம் இருக்கு சார், நீங்க வந்தா போதும்” என்ற பதிலை நம்பாதீர்கள். நான் நம்பினேன். “எல்லாம்” என்பதில் மேட் இருந்தது, ஆனால் அது யோகா வகுப்புக்குக் கொண்டுபோகிற பாயைவிடக் கொஞ்சம் மெலிசு.

காகிதங்களையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிகர அனுமதி டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற நிறுவனம், அதாவது ஐ.எம்.எஃப். வழியாக வருகிறது, பெரும்பாலும் ஏற்பாட்டாளரே எடுத்துத் தந்துவிடுவார். உங்கள் பக்கம் தயாராக இருக்க வேண்டியவை: ஆதார் அல்லது பாஸ்போர்ட் அசல், அதன் நகல் நாலைந்து, பாஸ்போர்ட் அளவு போட்டோ, மருத்துவரின் உடல்தகுதிச் சான்று. காப்பீடு எடுப்பவர்கள் உயர வரம்பைப் பார்த்து எடுங்கள். பல பாலிசிகள் ஒரு உயரத்துக்கு மேல் செல்லாது. கயிறும் க்ராம்பானும் பயன்படுத்தினால் செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு.

2. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

என் கணக்கு இது: தோலில் படுவதை வாங்குங்கள், படாததை வாடகைக்கு எடுங்கள். தெர்மல், சாக்ஸ், உள் கையுறை, நடைக்கான ஷூ, கண்ணாடி எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். டவுன் ஜாக்கெட் (தூவி அடைத்தது), ஸ்லீப்பிங் பேக், பனி பூட்ஸ், க்ராம்பான் ஆகியவற்றை லடாக்கின் லே நகரில் வாடகைக்கு எடுக்கலாம்.

முதல் சிகரத்துக்கே எல்லாவற்றையும் வாங்காதீர்கள். இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்றே அப்போது தெரியாது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி, ஒரே பயணத்தோடு அலமாரிக்கு மேல் போட்டுவைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதை விற்கப் பார்க்கிறார்.

3. உடம்போடு ஒட்டும் துணி

பருத்தி வேண்டாம். திருப்பூர் பனியன் நம் ஊர் வெயிலுக்குத் தங்கம். மலையில் அதுதான் எதிரி. வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. ஏறும்போது நனைகிறது, ஓய்வுக்கு நின்ற ஐந்தாவது நிமிடம் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல முதுகு சில்லிட்டுவிடும். உள்ளாடைக்கும் இதே விதிதான். ஜட்டி, ஸ்போர்ட்ஸ் பிரா எல்லாம் செயற்கை இழையாகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜவுளிக்கடையில் “தெர்மல்” என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதில் பல பருத்திக் கலப்பு. உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். பாலியெஸ்டர் என்றோ மெரினோ என்றோ இருந்தால் எடுங்கள், காட்டன் என்ற சொல் தட்டுப்பட்டால் வைத்துவிடுங்கள். மெரினோ விலை கூடுதல், ஆனால் நாலு நாள் போட்டாலும் நாறாது. பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், இரண்டாம் நாளே மணக்கத் தொடங்கும். கூடாரத்தில் உங்களோடு படுப்பவரை யோசித்து முடிவெடுங்கள்.

இரண்டு செட் போதும். ஒன்று நடக்க. இன்னொன்று தூங்க மட்டும். அதைப் பகலில் தொடவே கூடாது. இதன் அருமை ஒன்பதாவது தலைப்பில் புரியும்.

4. அதற்கு மேல் அடுக்குவது

பகலில், சிகரத்துக்குப் போகும் வழியான மார்க்கா பள்ளத்தாக்கில் டீசர்ட்டோடு வேர்க்க வேர்க்க நடப்பீர்கள். அதே வாரத்தில், ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய அடிவார முகாமில் ராத்திரி பாட்டில் தண்ணீர் உறையும். சிகரத்துக்கு நள்ளிரவையொட்டிக் கிளம்புவார்கள். விடியுமுன் மேலே -10 டிகிரி இருக்கலாம். அதில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் தோலுக்கு அது -20 மாதிரி. இத்தனைக்கும் ஒரே ஜாக்கெட் தாங்காது. அதனால்தான் அடுக்கு.

தெர்மலுக்கு மேல் ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடை. இது மலிவுச் சரக்கே போதும், பெயர்பெற்ற பிராண்ட் தேவையில்லை. அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஷெல் ஜாக்கெட், கீழே ஷெல் பேன்ட். ஷெல்லில் குல்லா இருக்க வேண்டும், அது ஹெல்மெட்டுக்கு மேலும் வர வேண்டும். அக்குளில் ஜிப் இருந்தால் நல்லது. ஏறும்போது திறந்துவிட்டால் புழுக்கம் வெளியேறும். பைக்கில் போட்டுக்கொள்ளும் ரெயின்கோட்டை எடுத்து வராதீர்கள், மழை வெளியே நிற்கும், வியர்வை உள்ளேயே நிற்கும்.

டவுன் ஜாக்கெட் நடக்க அல்ல, நிற்க. நான் முதல் முறை கிளம்பும்போதே டவுனை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே குளித்த மாதிரி நனைந்துவிட்டது. வழிகாட்டி பார்த்துவிட்டு, கழற்றிப் பையில் வை, நிற்கிறபோது போடு என்றார். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், பத்து நிமிட நடையில் அது சரியாகிவிடும். டவுன் ஜாக்கெட் முதுகுப்பையின் மேல்புறத்திலேயே இருக்கட்டும், ஷெல்லுக்கு மேலேயே மாட்டும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கட்டும்.

5. கால், கை, தலை

இந்தப் பகுதிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

நடைக்கான ஷூவை இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். சாயங்காலம் கடைக்குப் போங்கள், பகலெல்லாம் நின்று நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகும் தடிமன் சாக்ஸைக் கையோடு எடுத்துப்போய் அதோடு போட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு பர்வதமலை மாதிரி ஏதாவது ஒன்றை முழுச் சுமையோடு ஏறி இறங்கிவிடுங்கள். வெள்ளியங்கிரியை வெறுங்காலில் ஏறிய கால் என்ற பெருமையெல்லாம் இங்கே செல்லாது, பனி அதைக் கேட்காது.

பனி பூட்ஸ் வேறு. உள்ளே தனியாகக் கழலும் லைனர் உள்ள இரட்டை பூட்ஸ் அது. அளவு பார்க்கும்போது ஏறுவதை வைத்துப் பார்க்காதீர்கள், இறங்குவதை வைத்துப் பாருங்கள். வார் கட்டி, கடைப் படியின் விளிம்பில் முன்பாதத்தால் நாலு முறை உதையுங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் ஒரு அளவு கூட்டுங்கள். நான் உதைத்துப் பார்க்காமல் எடுத்தேன். சிகரத்திலிருந்து இறங்கிய மூன்று மணி நேரத்தில் வலது பெருவிரல் நகம் கறுத்தது, ஊர் வந்து ஒரு மாதத்தில் கழன்றது. அதேசமயம் இரண்டு மூன்று சாக்ஸைத் திணித்து இறுக்கிப் போடுவதும் தப்பு. ரத்த ஓட்டம் நின்றால் சாக்ஸ் எத்தனை இருந்தாலும் விரல் மரத்துப்போகும். மெல்லிசாக ஒன்று, மேலே தடிமனான கம்பளி ஒன்று, விரல்களை ஆட்ட இடம். அவ்வளவுதான்.

க்ராம்பானை எடுக்கப்போகும் பூட்ஸில் மாட்டி, தூக்கி உதறிப் பாருங்கள். குதிகாலில் கிளிப் உள்ள வகை எல்லா ஷூவிலும் நிற்காது. பூட்ஸின் பின்னால் அதற்கான விளிம்பு இருக்க வேண்டும்.

கைக்கு மூன்று அடுக்கு: மெல்லிய உள் கையுறை, ஃப்ளீஸ், மேலே நீர் புகாத மிட்டன். ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட எல்லா விரலும் ஒரே அறையில் இருக்கும் மிட்டன் சூடு. மிட்டனில் ஒரு கயிறு கோர்த்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜிப் போடக் கழற்றிய நொடியில் காற்று அடித்துக்கொண்டு போனால் திரும்பக் கிடைக்காது.

தலைக்குக் கம்பளிக் குல்லா, கழுத்துக்கு பஃப் (கழுத்தைச் சுற்றி மாட்டும் குழாய்த்துணி) இரண்டு. தொடக்கத்தில் மங்கி குல்லாவைக் கிண்டலாகச் சொன்னேன் அல்லவா, அதே மாதிரி முகத்தையும் மூடும் மெல்லிய பாலாக்லாவா கிடைத்தால் ஹெல்மெட்டுக்குள் அதுதான் சௌகரியம். கறுப்புக் கண்ணாடி 4-ஆம் வகை (வெளிச்சத்தை மிக அதிகமாகத் தடுப்பது), பக்கவாட்டும் மூடியதாக இருக்க வேண்டும். நடைபாதைக் கடையின் இருநூறு ரூபாய்க் கண்ணாடி பனியில் கண்ணைக் கெடுத்துவிடும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேலேயே மாட்டும் காகிள்ஸை ஊரிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள், மேலே போய்த் தேட முடியாது.

6. ஸ்லீப்பிங் பேக்: எந்த எண்ணை நம்புவது

நான் தூக்கம் தொலைத்தது இங்கேதான். பையின் மேல் பெரிதாக -10 என்று போட்டிருந்தது. முகாமில் அன்றைக்கு அந்த அளவு குளிர்கூட இல்லை. ஆனாலும் பல் கிட்டித்தது.

தரமான பைகளில் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும், ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரநிலைப்படி சோதித்தவை. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பம். லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து ராத்திரியை ஓட்டக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது தூக்கத்துக்கான எண்ணே அல்ல, செத்துப்போகாமல் தாக்குப்பிடிப்பதற்கான எண். என் பையில் இருந்த -10, எக்ஸ்ட்ரீம். அதே சீட்டில் ஓரமாக கம்ஃபர்ட் எண்ணும் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். ஆணாக இருந்தாலும் அதையே பாருங்கள். மேலே பசி எடுக்காது, சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், ஐயாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். உடம்பு வழக்கம்போலச் சூடு உண்டாக்காது. காங் யாட்சே அடிவார முகாமுக்கு, ஜூலை ஆகஸ்டில், கம்ஃபர்ட் -10 எடுங்கள். செப்டம்பர் என்றால் -15. ஒரே எண் மட்டும் போட்டு, அது எது என்று சொல்லாத பையை விட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. டவுன் என்றால் வாத்தின் மென்தூவி. எடை குறைவு, சுருட்டினால் தலையணை அளவு, சூடு அதிகம். நனைந்தால் மட்டும் ஒன்றுக்கும் ஆகாது. செயற்கைப் பஞ்சு எடை கூடுதல், பை பெரிசு, ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். லடாக் வறண்ட ஊர், அங்கே டவுன் சரி. மழைக்காலத்தில் உத்தராகண்ட் பக்கம் போகிறவர் என்றால் செயற்கையை யோசிக்கலாம்.

டவுனில் 650 ஃபில், 800 ஃபில் என்று சொல்வார்கள். எண் கூடினால் தூவி நன்றாக உப்பும், அவ்வளவுதான். எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 800 ஃபிலில் 200 கிராம் உள்ள பையைவிட, 650 ஃபிலில் 600 கிராம் உள்ள பைதான் சூடு. விற்பவர்கள் முதல் எண்ணை உரக்கச் சொல்வார்கள், இரண்டாவதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

வடிவம் மம்மி வகையாக இருக்கட்டும், தலையை மூடி முகத்தைச் சுற்றி இறுக்கும் நாடாவோடு. தோளுக்கும் காலுக்கும் இடம் பாருங்கள். உயரமானவர்கள் நீளப் பை கேளுங்கள். கால்விரல் அடியில் முட்டினால் அங்கே தூவி நசுங்கி அந்த இடம் குளிரும்.

7. மேட்: எல்லோரும் மறப்பது

நீங்கள் படுத்ததும் முதுகுக்கடியில் இருக்கும் தூவி நசுங்கிவிடுகிறது. அதாவது கீழ்ப்பக்கம் ஸ்லீப்பிங் பேக் இல்லாத மாதிரிதான். தரையிலிருந்து காப்பது மேட் மட்டும்.

தரையின் குளிரை மேட் எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல ஆர்-வேல்யூ என்ற எண் உண்டு, கூடக் கூட நல்லது. மடக்கும் நுரை மேட் 2 அளவில் இருக்கும். பனிப் பக்கம் 4-க்கு மேல் வேண்டும். நல்ல சேதி, இந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டால் இரண்டு எண்ணும் சேரும். நான் இப்போது கீழே நுரை, மேலே காற்றடைக்கும் மேட் என்று படுக்கிறேன். காற்று மேட் பொத்தலானாலும் நுரை இருக்கிறது. ஒட்டுப்போடும் சாமானை மறக்காதீர்கள்.

8. லேயில் வாடகைக் கடை

லே 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் முதல் நாள் படுத்து ஓய்வெடுங்கள், கடை கடையாக அலையாதீர்கள். இரண்டாம் நாள் காலையில் போங்கள். சாங்ஸ்பா பக்கமும் ஃபோர்ட் ரோட்டிலும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. சீசனில் நடுத்தர அளவு பூட்ஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் வரை தள்ளாதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக்கைக் கையில் வாங்கியதும் உறையிலிருந்து எடுத்து, உதறி, விரித்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பூட்ஸ் பாருங்கள். திரும்பி வரும்போது அது உப்பியிருக்க வேண்டும். தட்டையாகவே கிடந்தால் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கட்டம் கட்டமாகத் தைத்திருப்பார்கள் அல்லவா, சில கட்டங்களில் தூவி ஓரமாக ஒதுங்கி நடுவில் வெறும் துணி தெரியும். வேறு பை கேளுங்கள். கடைசியாக உள்ளே படுத்து, ஜிப்பை உள்ளிருந்தபடியே ஐந்து முறை மேலும் கீழும் இழுங்கள். இரண்டாவது பயணத்தில் கடைத் தரையில் நான் இப்படிப் படுத்தபோது கடைக்காரப் பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த பையைத் தானாகவே உள்ளறையிலிருந்து எடுத்து வந்தார், அதுதான் நல்ல பை.

முன்பணத்துக்கு ஆதார் அசலைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நகலும் ரொக்கமும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழியில் பதிவுக்கும் திரும்பும் விமானத்துக்கும் அசல் தேவை. பொருளில் ஏற்கெனவே இருக்கும் கிழிசல், கறை எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே போன் கேமராவில் எடுத்துவையுங்கள். நாள் கணக்கு எப்படி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எடுத்த நாளும் கொடுக்கும் நாளும் இரண்டு நாளா ஒரு நாளா என்பதில்தான் சண்டை வரும்.

விமான மூட்டை பற்றி ஒரு வார்த்தை: நடை ஷூவையும் ஒரு செட் தெர்மலையும் உடம்பிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றிய மூட்டை ஒரு நாள் தாமதமானாலும் பிழைத்துக்கொள்ளலாம். நடைக்கோல் ஏற்றும் மூட்டையில், பவர்பேங்க் கைப்பையில்.

9. கூடாரத்தில் ராத்திரி

முகாமுக்கு வந்ததும் ஈர உடையை மாற்றிவிடுங்கள். தூங்கும் செட், தூங்கும் சாக்ஸ். குளிருகிறது என்று இருப்பதையெல்லாம் போட்டுக்கொண்டு பைக்குள் நுழைந்து இறுக்காதீர்கள், தூவி உப்ப இடம் இருக்காது. டவுன் ஜாக்கெட்டைப் போர்வை மாதிரி மேலே போட்டுக்கொள்ளலாம்.

சமையல் கூடாரத்தில் வெந்நீர் வாங்கி, கசியாத தடித்த பாட்டிலில் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் விட்டு, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். காலை வரை சூடு இருக்கும், விடிந்ததும் அதுவே குடிதண்ணீர். போன், ஹெட்லாம்ப் பேட்டரி, கான்டாக்ட் லென்ஸ், பூட்ஸின் உள் லைனர் எல்லாம் பைக்குள் உங்களோடு படுக்கட்டும். நெரிசல்தான், ஆனால் உறைந்த லைனரில் நள்ளிரவில் காலை விட்டுப் பாருங்கள், அப்புறம் நெரிசல் பெரிதாகத் தெரியாது.

மூக்கை வெளியே விடுங்கள். குளிருக்குப் பயந்து தலையை உள்ளே இழுத்து மூச்சு விட்டால், அந்த ஈரமெல்லாம் தூவியில் இறங்கும். காலையில் பையின் கழுத்துப் பக்கம் வெள்ளையாகப் பூத்திருப்பது உங்கள் மூச்சுதான். வெயில் வந்ததும் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கூடாரத்தின் மேல் ஒரு மணி நேரம் காயப் போடுங்கள், நாலு மூலையிலும் கல் வைத்து.

சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள். அரைத்தூக்கத்தில் அரை மணி நேரம் புரள்வதைவிட எழுந்து போய் வந்தால் உடனே தூக்கம் வரும். வாய் அகன்ற பாட்டில் ஒன்றை இதற்கென்றே வைத்திருப்பவர்களும் உண்டு. அடையாளத்துக்கு அதில் டேப் சுற்றிவிடுங்கள், இருட்டில் தப்பான பாட்டிலை எடுத்துவிடக் கூடாது.

10. எனக்கு ஆன செலவு

இரண்டாவது பயணத்தில் வாங்கியவை: தெர்மல் இரண்டு செட் 3,600, ஃப்ளீஸ் 1,500, சாக்ஸ் நாலு ஜோடி 2,000, உள் கையுறையும் ஃப்ளீஸ் கையுறையும் 900, கண்ணாடி 2,500, ஷெல் மேலும் கீழும் 7,500, நடை ஷூ 6,000. மொத்தம் 24,000 ரூபாய்.

வாடகை நாளொன்றுக்கு: ஸ்லீப்பிங் பேக் 150, டவுன் ஜாக்கெட் 120, இரட்டை பூட்ஸ் 200, க்ராம்பான் 80. ஒன்பது நாளுக்கு 4,950 ரூபாய், முன்பணம் 5,000 தனி. இந்த நாலையும் சொந்தமாக வாங்கியிருந்தால் அரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். உங்கள் பருவத்தில் விலை கூடக் குறைய இருக்கலாம், பேரம் பேசுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் குறைப்பார்கள்.

திரும்பக் கொடுக்கும் நாளில் பையை ஈரமாகச் சுருட்டிக் கொண்டுபோகாதீர்கள், முன்பணத்தில் பிடிப்பார்கள். விடுதி மொட்டை மாடியில் அரை நாள் காயவைத்துக் கொடுங்கள். சொந்தப் பை என்றால் ஊர் வந்ததும் சின்ன உறையிலிருந்து எடுத்து, பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். பழைய தலையணை உறை இரண்டை ஒன்றாகத் தைத்தால் கச்சிதமாக இருக்கும். சாதாரணச் சலவைத்தூள் மட்டும் போட்டுவிடாதீர்கள், டவுனுக்கென்று தனி சோப்பு இருக்கிறது.